அட்டைக் குதிர்

தம்பி,

இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிப்பது வழக்கம். உன் அம்மா நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உன் கல்யாணத்துக்கு யாருக்கு எந்தப் புடவை என்று நாளைக்கு நாலு தரம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள். நானும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. லீவு கிடைத்துவிட்டது, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே திருச்சியிலிருந்து கிளம்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதற்குக் கீழேதான் அந்த வரிகள். "விருந்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, நீங்கள் தாத்தாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதே மாதிரி உங்களையும் அம்மாவையும் வைத்துக்கொள்வேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன்." உன் அம்மா இதைப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், "புள்ளன்னா இது புள்ள" என்று அங்கேயும் படித்துக் காட்டினாள். நான்தான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

அந்த வார்த்தையைச் சொல்லாதே, தம்பி. உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். நீ அதைச் சொல்லும்போது கழுத்தில் மாலையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், எல்லாரும் கைதட்டுவார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அது என்னால் ஆகாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினாலு வருஷமாக இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டார்.

உன் தாத்தா ஐயப்பன்தாங்கலிலிருந்து நம் வீட்டுக்கு வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்பத்தூரில் எஸ்டேட் வந்த புதுசு. நான் கம்பெனியில் சேர்ந்து, கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு பிடித்துக் குடியிருந்தேன். அவர் கூலி வேலை செய்துகொண்டிருந்த நிலத்தைச் சொந்தக்காரர் பிளாட் போட்டு விற்றுவிட்டார். உழ நிலமில்லை, கூலி நெல்லுமில்லை. ஒரு துணிமூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்றைக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு வரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஓவர்டைம் இருந்தது உண்மைதான். கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள் என்பதும் உண்மை.

வந்த ஒரு வாரம் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. பிறகு காலையில் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் பக்கம் நடக்க ஆரம்பித்தார். டீக்கடை வாசலில் வெறும் சிகரெட் பெட்டி, ரொட்டி சுற்றி வருகிற மெழுகுத்தாள், பிஸ்கட் டின்னுக்குள் வைக்கிற நெளிநெளி அட்டை, போல்ட்டும் நட்டும் வருகிற தடித்த அட்டைப்பெட்டி என்று எது கிடந்தாலும் தூசு தட்டிக் கொண்டுவந்து வாசலில் அடுக்குவார். "ஆளாளுக்குப் பொட்டிய வாங்கறானுங்க, உள்ள கீறத எடுத்துக்கறானுங்க, பொட்டிய வீசிட்டுப் பூட்றானுங்கடா," என்று என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். "நல்ல பொட்டிடா. ஒரு கிழிசல் இல்ல. எவனோ ஒக்காந்து செஞ்சிகீறான் பாரு." நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவற்றில் அவர் செய்ததையெல்லாம் நீ பார்த்திருக்கிறாய். சிகரெட் பெட்டியைப் பட்டையாகக் கிழித்து, நாலாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் ஒன்றைச் செருகி, பசையே இல்லாமல் சங்கிலி கோப்பார். அதுதான் நம் சமையலறை வாசலில் திரையாகத் தொங்கியது. மெழுகுத்தாளைப் பின்னித் தட்டு மூடுகிற மூடி செய்தார், ஈரம் ஏறாது. அட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, ஒரு பிடி வெந்தயம் போட்டு ஆட்டுக்கல்லில் ஆட்டி, கவிழ்த்த பானைமேல் அப்பி வெயிலில் காயவைத்தால் கூடை. கரப்பான் அரிக்காமலிருக்கக் கஞ்சிப் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார். உன் அம்மா ஒருநாள், "ஆட்டுக்கல்லுல நான் மாவாட்டறதா, நீங்க அட்டை ஆட்டறதா மாமா?" என்று சண்டைக்கு நின்றாள். "ரெண்டும் மாவுதாம்மா. ஒன்னு உள்ள போவும், ஒன்னு வெளிய நிக்கும்," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு மாவாட்டி முடித்ததும் அவளே கல்லைக் கழுவி அவருக்கு விட்டுக்கொடுப்பாள். மருமகள் விட்டுக்கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்குத்தான் மனசு வரவில்லை.

நான் எப்படிப்பட்ட நிலைமையில் இருந்தேன் என்று சொல்கிறேன், சாக்காக அல்ல. கம்பெனியில் அப்போது சூப்பர்வைசர் வேலைக்கு என் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தது. மானேஜரும் நம்ம சபைதான். ஒருநாள் பேச்சுவாக்கில், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "ஊர்ல விவசாயம் சார்," என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நான் சொன்ன தினுசில் அவர் நாலு ஏக்கர் நஞ்சை, இரண்டு ஜோடி மாடு என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் டீக்கடையில் என் கூட வேலை செய்கிறவன் சொன்னான்: "அண்ணாத்தே, உங்க பேட்டைல ஒரு கெயவன் சிகரெட் பொட்டி பொறுக்கினு திரியுது, பாத்தியா? மறை கழண்ட கேசா இன்னா?" நான் டீயை ஊதிக் குடித்தேன். "தெர்லபா," என்றேன். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. நீ சின்னம்மை போட்டுப் படுத்திருந்தாய், உன் அம்மா உன் பக்கத்தைவிட்டு நகரவில்லை, அதனால் நீங்கள் இரண்டு பேரும் கோயிலுக்கு வரவில்லை. ஊர்க் கோயிலில் தாத்தா வருஷம் தவறாமல் முதல் கூலி நெல்லில் ஒரு படி கொண்டுபோய்ப் பலிபீடத்தண்டை வைப்பவர். இந்த வருஷம் வைக்க நெல் இல்லை. ஒரு மாதமாகத் தாழ்வாரத்து மூலையில் சாக்கைப் போட்டு மூடி என்னவோ செய்துகொண்டிருந்தார். முதல் நாள் சாக்கை எடுத்துக் காட்டினார். குதிர். ஊரில் நெல் கொட்டி வைக்கிற மண் குதிர் இருக்குமே, அதே அச்சு, முழங்கால் உயரத்தில். வட்டம் வட்டமாக அட்டையை அடுக்கி, கூழ் பூசி, வழவழவென்று தேய்த்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளை ஒட்டி, மேலே கூம்பாக ஒரு மூடி. கீழே நெல் சரிகிற சின்ன வாசல்கூட இருந்தது. "அறுப்புன்னா அறுத்தத்ததானே குடுக்கணும்? எனுக்கு இந்த வருசம் இதான்டா அறுப்பு," என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நான் சொன்னது, "இத்தப் போயா கோயிலுக்கு எடுத்துகினு வருவாங்க?" அவர் காதில் விழாத மாதிரி மூடியைச் சரியாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரமாட்டார் என்று நினைத்துவிட்டேன். அவர் எப்போதும் விடியற்காலை ஆராதனைக்குத் தனியாகப் போய்விட்டு வந்துவிடுவார், நான் எட்டரை மணிக்குப் போகிறவன். அவர் வந்த அந்த இரண்டு மாதத்தில் எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சபையில் யாருமில்லை. அது தற்செயல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரே ஆராதனை. நான் கமிட்டி ஆள், சீக்கிரமே போய்விட்டேன். மணி அடிக்கிற நேரம், வாசலில் அவர். துண்டைச் சும்மாடு கட்டி, தலையில் குதிரோடு, கள்ளிக்குப்பத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். நேராக உள்ளே போய், பூசணிக்காயும் வாழைத்தாரும் கிறிஸ்துமஸ் மாதிரி ரிப்பன் கட்டின கேக்கும் இருந்த வரிசையில் அதை இறக்கி வைத்தார். பிறகு கடைசித் தூணண்டை பாயில் போய் உட்கார்ந்தார். நான் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஜெபம் முடிந்ததும் காணிக்கைப் பொருள்களுக்கு ஏலம். ஏலம் விடுகிறவன் நான்தான். அப்போதெல்லாம் எனக்கு வாய் எட்டூருக்குக் கேட்கும், உனக்குத் தெரியும். ஒரு கோழியைத் தூக்கிக் காட்டி, "இது சாதாரணக் கோழின்னு நெனைக்காதீங்க! ஓய்வுநாள் ஆசரிக்கிற கோழி, ஞாயித்துக்கெழமைல முட்டையே போடாது!" என்றால் சபை குலுங்கும், கோழி இரண்டு மடங்கு விலைக்குப் போகும். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் மானேஜரும் அவர் சம்சாரமும். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஊக்கம் ஏறியது. தாத்தா வைத்ததை மட்டும் நான் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அது ஒன்றுதான் மிச்சம்.

தூக்கிக் காட்டினேன். வெயிட்டே இல்லை. வாலிபர் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "இன்னாண்ணே அது, குப்பத்தொட்டியா?" சிரிப்பு. மானேஜர் சம்சாரம் சிரிக்கவில்லை. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நிஜமான ஆசையோடு, "அழகா இருக்கே, யார் செஞ்சது?" என்று என்னைக் கேட்டார்கள். அப்போது தூணண்டை என் நைனா, உன் தாத்தா, எழுந்திருக்கப் போனார். முழங்காலில் கையை ஊன்றி, பாதி எழுந்து, சிரித்த முகமாக. பிள்ளை இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தார், தம்பி. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சொன்னேன்: "யாரோ தெர்லம்மா. கொண்டாந்து வச்சிட்டுப் பூட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் யாராவது தேடுவார்களோ என்று பயம். சபையைச் சிரிக்க வைத்துவிட்டால் பேச்சு மாறிவிடும் என்று எனக்குப் பழக்கம். "குப்பமேட்டுல வெளஞ்ச குதிருங்க இது! எலிக்குக்கூட பிரயோசனமில்ல, உள்ள ஒரு மணி நெல்லு கெடையாது!" என்று கத்தினேன். அன்றைக்கு முழுசும் நான் சொன்ன வேடிக்கைகளில் அதற்குத்தான் சிரிப்பு அதிகம். மானேஜர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். நைனா எழுந்த பாதியிலிருந்து மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

சிரித்த பிறகு எவன் ஏலம் கேட்பான்? "நாலணா! நாலணாவுக்கு ஆளில்லையா?" என்கிறேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு, பலிபீடத்தில் வைத்து ஜெபம் பண்ணின காணிக்கை விலைபோகாமல் திரும்பக் கூடாது. அழுகின வாழைக்காய் ஆனாலும் யாராவது காலணாவாவது கொடுத்து எடுத்துவிடுவார்கள். ஆண்டவருக்கு வைத்தது ஒன்றுக்கும் உதவாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடக்கூடாதே என்றுதான். அந்த மானேஜர் சம்சாரம் கேட்டிருப்பார்களோ என்னவோ, நான் கேலி பண்ணின பிறகு அவர்களுக்கும் கூச்சமாகிவிட்டது. நான் அதை மேஜைக்கு அடியில் தள்ளப் போனேன். அப்போது பின்னாலிருந்து, "ஒரு ரூபா," என்று ஒரு குரல்.

நைனா. தான் வைத்த காணிக்கையைத் தானே கேட்டார்.

நான் என்ன செய்தேன் என்கிறாய்? ஏலம் விட்டேன். "ஒரு ரூபா ஒரு தரம், ஒரு ரூபா ரெண்டு தரம்" என்று முழுசாகச் சொல்லி, மூணாம் தரம் மேஜையைத் தட்டினேன். அவர் முன்னால் வந்து, வேட்டி மடியை அவிழ்த்து ரூபாயை எடுத்து வைத்தார். நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த செக்ரட்டரி, "பேரக் கேளுங்க," என்றார். எடுத்தவர் பேரை எழுதிக்கொள்வது முறை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. "பேரு இன்னா பெரியவரே?" என்று கேட்டேன். என் வாயால் கேட்டேன், தம்பி. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. அவர் பார்வையில் இருந்தது பயம், எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஊர்க்காரன்னு எழுதிக்கச் சொல்லுங்க, ஐயா," என்றார்.

ஐயா. நிலத்துக்காரர் முன்னால் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஆயுசு முழுக்க அவர் சொன்ன வார்த்தை அது. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தூக்கிக்கொண்டு போகும்போது, "நீ ஒருத்தனயும் ஐயான்னு கூப்டக் கூடாது, அதுக்குத்தான்டா பள்ளிக்கூடம்," என்று சொல்லிக்கொண்டே போனவர் என்னைக் கூப்பிட்டார் அப்படி. திரும்பத் தலையில் குதிரோடு வெளியே போய்விட்டார். நான் ஸ்தோத்திரப் பாட்டு பாடினேன்.

மத்தியானம் பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் உனக்கு விசிறிக்கொண்டிருந்தார். குதிர் மூலையில் இருந்தது. "கோயில்ல குடுக்கலியா தாத்தா?" என்று நீ கேட்டாய். நினைவிருக்கிறதா? "இது வேற கண்ணு. அத்த ஒரு பெரிய வூட்டம்மா ஆசையா எடுத்துகினு பூட்டாங்க. இது உனுக்குன்னு செஞ்சது," என்றார். உன் அம்மாவுக்குக் கூடச் சந்தேகம் வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்டியாடா? கொயம்பு சூடா கீது," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, பிறகு உயிரோடிருந்த ஆறு வருஷமும் சரி, ஒரு வார்த்தை அதைப் பற்றி வரவில்லை. கோயிலுக்கும் முன்போல விடியற்காலையில் தனியாகவே போய்வந்தார், யார் வீட்டு ஆள் என்று அங்கே சொல்லிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்று நான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், என் கோபம் உனக்குத் தெரியாததா?

மறுநாளிலிருந்து அவர் கோணிப்பையைத் தொடவில்லை. நீ ஏன் ஏன் என்று பிடுங்கி எடுத்தாய். "தாத்தாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு," என்றேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவரைப் பூந்தமல்லியில் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். வயசுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, கண்ணாடிகூடத் தேவைப்படாது என்றார் டாக்டர். வற்புறுத்தி ஒரு கண்ணாடி எழுதி வாங்கினேன். அதையும் அவர் போட்டுக்கொண்டார், எனக்காக. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம், "பையன் தங்கமாப் பாத்துக்கறான், கண்ணாடிலாம் வாங்கிக் குடுத்துகீறான்," என்றார்கள். நீ பார்த்து வளர்ந்தது அந்தக் கண்ணாடியைத்தான் தம்பி. வேளைக்குச் சோறு போட்டேன், மருந்து வாங்கினேன், கடைசி நாளில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் வைத்துக் காப்பாற்றினேன் என்று சொல்லாதே. அவர்தான் என்னைக் காப்பாற்றினார், அதுவும் எனக்கு எதிரிலேயே நின்று.

இனி நடந்ததையும் கேள். ரிட்டையரான பிறகு சனிக்கிழமைதோறும் கோயில் ஹாலில் கூடுகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நம் போதகர் சம்சாரம் ஐயரம்மா ஆரம்பித்தது, என்னை மாதிரி வேலையிலிருந்து நின்ற கிழடுகளுக்காக. வீட்டில் தூக்கிப் போடுகிற டப்பா, பெட்டி, தாள் எதையாவது கொண்டுவரச் சொல்வார்கள். பால்பவுடர் டின்னைச் சுற்றிக் கயிறு ஒட்டிப் பேனா வைக்கிற கூடு, தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிப் பொத்தானும் ஊசியும் வைக்கிற அலமாரி, இப்படி. வயசான கைக்குத் தகுந்த வேலை. கத்தரிக்கோல் பிடிக்க வராதவர் தாளைக் கிழித்துக் கொடுக்கலாம், கண் தெரியாதவர் கூழ் பிசையலாம். முதல் சனிக்கிழமை ஐயரம்மா சிகரெட் பெட்டி ஒன்றை என் முன்னால் வைத்தார்கள். என் விரல் என்னைக் கேட்காமலே கிழித்து, நாலாக மடித்து, செருகிவிட்டது. நான் கற்றுக்கொண்டதே இல்லை, பேப்பருக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்ததுதான். ஐயரம்மா அசந்துபோய், "எங்க கத்துக்கிட்டீங்க இத?" என்றார்கள். அவர்கள் ரொம்ப நல்லவர்கள். நான் சொல்லியிருந்தால் எல்லாரையும் கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். நான், "சும்மா, கை போன போக்குதாம்மா," என்றேன். இந்த வயதில், வேலையுமில்லை, மானேஜருமில்லை, யாருக்குப் பயந்தேன்? பழக்கம். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார் என்று வேதத்தில் படிக்கிறோம். சேவல் கூவினதும் வெளியே போய் அழுதார் அவர். நான் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இது போன மாதம். உன் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான். பெண் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். சேக்காடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னார் அவர்களின் பேத்தியும் என்று அவர்கள் பக்கம் கம்பீரமாக ஆரம்பிக்கிறது. நம் பக்கம் உன் அம்மாவின் அப்பா ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தவர், அவர் பேரைப் போட்டேன். அடுத்த வரியில் பேனா நின்றது. நைனா பேருக்கு முன்னால் போட என்னிடம் ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "மாமா பேரு எங்க?" என்றாள். "எடம் பத்தல," என்றேன். அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் உன் கடிதம் வந்தது.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். பெற்றவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வெட்கம் வரும். வராது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. உனக்கும் என்னைப் பார்த்து வந்திருக்கும். நீ காலேஜில் படிக்கும்போது உன் சிநேகிதர்கள் முன்னால் நான் கையலம்பிவிட்டு வேட்டியில் துடைத்தபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அது போகட்டும், வெட்கம் வந்துவிட்டுப் போகிற சாமான்தான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கேலி வாயில் வரும் பார், எல்லாரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று, அப்போது பல்லைக் கடித்துக்கொள். என் வாய்தான் உனக்கும் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். "நைனா" என்பது பட்டிக்காட்டுப் பேச்சு என்று உன்னை "அப்பா" என்று கூப்பிடப் பழக்கியவனும் நான்தான். அதற்கும் இப்போது வருத்தப்படுகிறேன், ஆனால் நீ மாற்றிக் கூப்பிட வேண்டாம், எனக்கு அந்தப் பேருக்குத் தகுதியில்லை. இதையெல்லாம் படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால் அடக்காதே. எழுது. அவர் திட்டாமல் விட்டதையும் சேர்த்து நீ திட்டு.

நேற்றுக் காலை அச்சாபீசுக்குப் போனேன். அச்செழுத்தெல்லாம் கோத்துச் சட்டத்தில் பூட்டி, மிதிமிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நம் பத்திரிகைதான், நூறு போல ஓடிக் காய்ந்துகொண்டிருந்தது. நிறுத்துங்கள், ஒரு பேர் விட்டுப்போயிற்று என்றேன். அச்சாபீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, நாங்க எதனா வுட்டுட்டோமா?" என்றார். நீங்கள் விடவில்லை, நான்தான் எழுதவில்லை, ஓடினதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். தாளைக் கொடுத்தார். ஞானமுத்து, ஐயப்பன்தாங்கல் என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, "முன்னால எதனா போடணும் சார். வாத்தியாரு, கம்பவுண்டருன்னு எல்லாருக்கும் கீது பாருங்க. பெரியவரு இன்னா வேல செஞ்சாரு?" என்று கேட்டார். "கூலி வேல," என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு நல்லது செய்கிறவர் மாதிரி, "அப்ப வெறும் பேரே போட்டுக்கலாம் சார்," என்றார். பிறகு எழுத்துப் பெட்டியைத் துழாவிக்கொண்டே, "யாரு சார் இவுரு, பொண்ணு சைடா?" என்றார். "எங்க நைனா," என்றேன். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "ஆங்? யாருன்னீங்க?" என்று காதைத் திருப்பினார். "எங்க நைனா!" என்று கத்தினேன். பழைய ஏலக் குரல், எங்கே இருந்ததோ, வந்துவிட்டது. மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் நின்றுபோன அந்த அமைதியில் நான் இன்னொரு தரம் சொன்னேன்.

உன் அப்பா